செல்லுக்குள் ஒரு காயலான் கடை: மஞ்சள், நிலவேம்பு, புற்றுநோய் பற்றி வண்ணாரப்பேட்டை கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். கீமோ சீட்டோடு வருபவர்கள் வாந்தி மாத்திரை வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவதில்லை. பின்னால் யாரும் நிற்கவில்லையா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். கேள்வி பெரும்பாலும் ஒரு பொடியைப் பற்றியோ, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பற்றியோ இருக்கும். சமீப காலமாக அந்த வீடியோக்களில் 'ஆட்டோபேஜி' என்ற சொல் அடிபடுகிறது. கவுண்டரில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோபேஜி என்றால் என்ன?

செல் தன் பழைய சாமானைத் தானே உடைத்து, பிரித்து, மறுபடி பயன்படுத்திக்கொள்வது. தமிழில் தன்விழுங்கல் என்று எழுதுகிறார்கள்.

நம்ம ஏரியா ஆட்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஓடாத மிக்சி, துருப்பிடித்த கட்டில், உடைந்த பிளாஸ்டிக் குடம் எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒரு மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்புகிறோம். வண்டி காயலான் கடைக்குப் போகிறது. அங்கே இரும்பு தனி, செம்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்து, உருக்கப் போய்விடும். செல்லுக்குள்ளும் இதேதான். பழுதான புரதங்களையும், செல்லுக்கு மின்சாரம் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் ஓடாமல் போனதையும் ஒரு சவ்வுப் பை சுற்றி வளைத்து மூடிக்கொள்கிறது. அதுதான் வண்டி. அதன் பெயர் ஆட்டோபேகோசோம். அந்தப் பை போய்ச் சேரும் இடம் லைசோசோம், அமிலமும் நொதிகளும் நிறைந்த காயலான் கடை. உடைத்த துண்டுகள் திரும்பவும் செல்லுக்கே போகின்றன.

வண்டியைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று சொல்கிற மேஸ்திரியின் பெயர் எம்டார். சாப்பாடு நிறைய இருக்கும்போது, "உடைக்காதே, புதுசு கட்டு" என்பார் அவர். சாப்பாடு குறைந்தால் ஏஎம்பிகே என்ற இன்னொருவர் அதைக் கவனித்து மேஸ்திரியை உட்கார வைத்துவிடுவார். வண்டிகள் கிளம்பும். இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், திராட்சைத் தோல், வெங்காயம், மரமஞ்சள் பற்றிய ஆய்வுகள் எல்லாம் சுற்றிச் சுற்றி இவர்களிடம்தான் வந்து நிற்கின்றன.

இதற்கு நோபல் பரிசு கொடுத்தார்களாமே?

ஆமாம், 2016ல் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு. பெயர் வைத்தவர் அவர் இல்லை. லைசோசோமைக் கண்டுபிடித்த பெல்ஜியம்காரர் கிறிஸ்டியன் டி டூவ் 1963லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஓசுமி வேலை பார்த்தது ரொட்டிக்குப் போடுகிற அந்த ஈஸ்டில். உடைக்கிற நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். பைகள் வந்து சேர்ந்தன, ஆனால் உடைபடவில்லை. குவிந்து கிடந்ததால் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிந்தன. கடை மூடியிருந்ததால்தான் வண்டிகள் தெரிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கீழே மறுபடி வரும்.

செல் தற்கொலை செய்துகொள்வது என்பது இதுதானா?

இல்லை. அதன் பெயர் அபாப்டோசிஸ். வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்குவது அது. ஆட்டோபேஜி வீட்டை ஒழுங்குபடுத்துவது, பெரும்பாலும் பிழைத்திருப்பதற்காக. வீடியோக்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள், தொல்லை அங்கேயே ஆரம்பிக்கிறது.

அப்படியானால் ஆட்டோபேஜியைக் கூட்டினால் புற்றுநோய் குறையுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

புற்றுநோய் வருவதற்கு முன்னால் ஆட்டோபேஜி நமக்குக் காவல். குப்பை சேராமல் பார்த்துக்கொள்வதால் மரபணு கெடும் வாய்ப்பு குறைகிறது. 1999ல் அமெரிக்காவில் பெத் லெவினின் ஆய்வுக்குழு பெக்லின்-1 என்ற மரபணு ஆட்டோபேஜியை நடத்துகிறது என்று காட்டியது. மார்பகப் புற்றுச் செல்களில் அதைத் திரும்பக் கொடுத்தபோது கட்டி வளர்கிற திறன் குறைந்தது. பிறகு, அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வந்தன. இதுவரை நல்ல செய்தி.

கட்டி வந்த பிறகு கதை மாறுகிறது. வளர்ந்த கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாது. ஆக்சிஜன் கிடையாது, சாப்பாடு கிடையாது. அங்கே இருக்கிற புற்றுச் செல் என்ன செய்யும்? வீட்டுச் சாமானை உடைத்து விற்றுச் சாப்பிடும். ஆட்டோபேஜிதான் அதைக் காப்பாற்றுகிறது. கீமோ கொடுக்கும்போது சேதமான பாகங்களைக் கழித்துவிட்டு எழுந்து உட்காருவதும் இதே வழியில்தான். கணையப் புற்றுநோய் இதை மிக அதிகமாக நம்பியிருக்கும் வகைகளில் ஒன்று.

ஆகவே, 'இந்த மூலிகை ஆட்டோபேஜியைக் கூட்டும்' என்று யாராவது சொன்னால், யாருக்கு, எந்தக் கட்டத்தில், எந்தக் கட்டியில் என்று திருப்பிக் கேளுங்கள். கட்டி உள்ளவருக்கு அது கட்டிக்கே சோறு போடுகிற காரியமாகவும் ஆகலாம்.

மஞ்சள் பற்றிச் சொல்லுங்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத்தில் நிஜமாகவே வேலை செய்கிறது. 2007ல் வந்த ஓர் ஆய்வில், மூளைக் கட்டிச் செல்களில் அது எம்டார் பாதையை அடக்கி ஆட்டோபேஜியைத் தூண்டியது, செல்கள் செத்தன. அதன் பிறகு பல வகைக் கட்டிகளில் இதே மாதிரி ஆய்வுகள் வந்திருக்கின்றன. பொய் என்று யாரும் சொல்லவில்லை.

சிக்கல் அளவில். தட்டில் வளர்த்த செல்லின் மேல் ஊற்றுகிற அளவு சாதாரணமாக 10 முதல் 40 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) வரை. மனிதனுக்கு வாய்வழியே கொடுத்தால் ரத்தத்தில் எவ்வளவு சேரும்? 2008ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்தது ஒரு மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம், அதாவது சுமார் 0.06 முதல் 0.11 மைக்ரோமோலார். தட்டில் இருந்த அளவோடு ஒப்பிட்டால் சுமார் நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. கணக்கில் எடுத்த 21 பேரில் இரண்டு பேருக்கு ஏதோ பலன் தெரிந்தது. ஒருவருக்கு நோய் 18 மாதத்துக்கு மேல் அப்படியே நின்றது. இன்னொருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, ஆனால் கொஞ்ச காலம்தான்.

8 கிராம் குர்குமின் என்பதைச் சமையலறைக் கணக்கில் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். அந்த நோயாளிகள் எடுத்துக்கொண்ட அளவுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 90 டீஸ்பூன் மஞ்சள் வேண்டும். நான் இதைச் சொன்னதும் மூலக்கொத்தளத்திலிருந்து வரும் ஓர் அக்கா, "அவ்ளோ போட்டா கொழம்பை யார் துன்றது?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இன்னொரு தலைவலி, குர்குமின் ஆய்வகச் சோதனைகளையே குழப்பும். தானே ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், கரைசலில் சீக்கிரம் சிதைந்துபோகும். வேலை செய்கிறது என்று கருவி காட்டுவது சில சமயம் இந்தக் குணத்தால் வருகிற மாயம் என்று 2017ல் மருந்து வேதியியல் அறிஞர்கள் விரிவாக எழுதினார்கள்.

மிளகு சேர்த்தால் உடம்பில் ஒட்டும் என்கிறார்களே?

உண்மை, அதுவும் நம் பக்கத்து ஊர் ஆய்வு. 1998ல் பெங்களூரில் செய்தார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, சேர்த்தபோது மனிதர்களில் உறிஞ்சப்படுவது 2,000 சதவீதம் கூடியது. கேப்சூல் டப்பாக்களில் 'மிளகுச் சாறு சேர்ந்தது' என்று போடுவது இதை வைத்துத்தான்.

எப்படிக் கூடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளிப்பொருளைக் கழித்துக் கட்டுகிற கல்லீரல், குடல் நொதிகளைப் பைப்பரின் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிறது. அதே நொதிகளில் சிலதான் பேக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகளையும் உடைக்கின்றன. மருந்து கழியாமல் உடம்பில் தங்கினால் பக்க விளைவு ஏறும். மிளகு ரசம் குடிக்கலாம், தாராளமாக. செறிவூட்டிய பைப்பரின் கேப்சூலைக் கீமோ நாட்களில் விழுங்குவது வேறு சமாச்சாரம்.

கூடவே ஒன்று. 2002ல் வெளிவந்த ஆய்வில், மார்பகக் கட்டி உள்ள எலிகளுக்குத் தீவனத்தில் குர்குமின் கலந்து கொடுத்தபோது, சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்தால் கட்டி சுருங்குவது குறைந்துபோனது. எலிதான், மனிதன் இல்லை. ஆனாலும் 'எடுத்துக்கிட்டா நஷ்டம் ஒண்ணுமில்லையே' என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

'நிலவேம்பு ஆட்டோபேஜியை மாற்றுகிறது' என்று ஆய்வே வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது. ஆனால் கூட்டவில்லை, அடைத்தது.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு ரோட்டில் ஒரு நாள் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறீர்கள். இன்றைக்கு ஊரில் குப்பை நிறைய அள்ளியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். கேட்டைப் பூட்டிவிட்டதால் லாரிகள் உள்ளே போக முடியாமல் நிற்கவும் செய்யலாம். ரோட்டில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செல்லிலும் அதே குழப்பம். வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் எல்சி3 என்ற புரதப் புள்ளிகளை எண்ணி, 'வண்டி கூடியிருக்கிறது, ஆகவே ஆட்டோபேஜி கூடியது' என்று எழுதிவிடுவார்கள். கேட் திறந்திருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். அதைச் செய்யாத மூலிகைக் கட்டுரைகள் ஏராளம். ஒரு கட்டுரையை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்தச் சோதனையைத்தான்.

2012ல் வந்த ஓர் ஆய்வு, நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆன்ட்ரோகிராபோலைடு ஆட்டோபேகோசோம் லைசோசோமோடு இணைவதைத் தடுக்கிறது என்று காட்டியது. வண்டி கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதனால் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குச் சுலபமாகச் செத்தன. கட்டி தப்பிக்கிற வழியை மூடுகிற இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. டெங்கு நாட்களில் தெருமுனையில் ஊற்றிக் கொடுத்த நிலவேம்புக் குடிநீர் ஒரு டம்ளர் குடித்தால் அது நடக்குமா என்றால், தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் மஞ்சளுக்குச் சொன்ன அதே தூரம் இருக்கிறது.

செடியிலிருந்து வந்த மருந்து ஒன்றாவது நிஜமாக வேலை செய்கிறதா?

செய்கிறது, நம் தெருவிலேயே பூக்கிறது. நித்தியகல்யாணி. காசிமேடு கல்லறைப் பக்கம், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரோரம், யாரும் தண்ணீர் ஊற்றாமலே இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் நிற்கும். சுடுகாட்டு மல்லி என்றுகூடச் சொல்வார்கள். காம்பைக் கிள்ளினால் பால் மாதிரி கசியும்.

சர்க்கரை நோய்க்கான கஷாயம் என்று ஜமைக்காவிலிருந்து இதன் இலை 1950களில் கனடாவுக்குப் போனது. அங்கே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணு பெருகுகிற நோய்தானே ரத்தப் புற்று? அப்படிக் கிடைத்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். வின்கிரிஸ்டினுக்கு 1963ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றைக்கும் அது ஒரு தூண்.

அது முக்கியமாகக் கொல்வது செல் இரண்டாகப் பிரியும்போது. செல்லுக்குள் தண்டவாளம் மாதிரி ஓடுகிற நுண்குழல்களைக் குலைத்துவிடும். அதே நுண்குழல் வழியாகத்தான் ஆட்டோபேகோசோம் லைசோசோமுக்குப் போகிறது. அதனால் ஆட்டோபேஜி ஆய்வாளர்கள் வண்டியை நடுவழியில் நிறுத்த வேண்டுமென்றால் வின்பிளாஸ்டினைப் பயன்படுத்துவதுண்டு.

சரி, பூவைப் பறித்து மென்றால்? வேண்டவே வேண்டாம். டன் கணக்கில் இலையைக் காய்ச்சித்தான் கிராம் கணக்கில் மருந்து எடுக்கிறார்கள். செடியில் அதோடு பல ஆல்கலாய்டுகள், அதாவது வீரியமான வேதிப்பொருட்கள், இருக்கின்றன. மருந்தை ரத்தக் குழாயில் மட்டும்தான் ஏற்றுவார்கள். தவறி முதுகுத் தண்டு நீரில் போனால் உயிரே போய்விடும். அவ்வளவு கூர்மையான கத்தி அது.

மலேரியா மாத்திரை புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்களாமே, அது ஏன்?

வடசென்னைக்காரர்களுக்கு மலேரியாவை அறிமுகப்படுத்தவே வேண்டாம். குளோரோகுயினின் கசப்பு என் தலைமுறை நாக்கில் இன்னும் இருக்கிறது. அதன் மூதாதை குயினைன், சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. நீலகிரியில் 1860களிலேயே சர்க்கார் சின்கோனா தோட்டம் போட்டது, நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் ஓடியது. குளோரோகுயின் 1934ல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யப்பட்டது.

அது லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்து அமிலத்தைக் குறைத்துவிடும். வண்டி வரும், சாமான் இறங்கும், அடுப்பு மட்டும் எரியாது. ஆட்டோபேஜியை நம்பிப் பிழைக்கிற கட்டிக்கு இது இடி. அதனால் அதன் தம்பியான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கீமோவோடு சேர்த்து மனிதர்களில் சோதித்தார்கள். முற்றிய கணையப் புற்றுநோயில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2019ல் வந்தது. கட்டி சுருங்கியவர்களின் விகிதம் 21 சதவீதத்திலிருந்து 38 ஆகக் கூடியது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் கூடவில்லை. கதை இன்னும் முடியவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரை கேட்டு வராதீர்கள். சீட்டு இல்லாமல் தர மாட்டேன், இதயத் துடிப்பையும் கண்ணையும் கெடுக்கக்கூடிய மருந்து.

முள் சீதாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்ததா?

இந்த ஃபார்வர்டை நான் பார்த்த தடவைகளுக்குத் தலைக்கு ஒரு ரூபாய் கிடைத்திருந்தால் கடையை நானே வாங்கியிருப்பேன். அந்த எண் ஆய்வகத்தில், ஒரு வகைப் பெருங்குடல் புற்றுச் செல்லில், ஒரே ஒரு வேதிப்பொருளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. நோயாளி யாரும் அதில் இல்லை.

அந்தப் பழ வகையில் உள்ள அனோனாசின் மைட்டோகாண்ட்ரியாவின் மின்சாரத்தை நிறுத்திவிடும். செல்லில் சக்தி குறைகிறது, ஏஎம்பிகே விழித்துக்கொள்கிறது. சரிதான், ஆனால் மூளை நரம்புச் செல்லுக்கும் மின்சாரம் வேண்டுமே. கரீபியனில் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் மாதிரியான ஒரு நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதும், அவர்களில் பலர் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகக் குடித்தவர்கள் என்பதும் 1999ல் வெளியானது. பழம் எப்போதாவது ஒரு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இலையைத் தினம் கொதிக்க வைத்துக் குடிப்பதை நிறுத்துங்கள்.

கிரீன் டீ?

மல்டிபிள் மைலோமா என்ற ஒரு வகை ரத்தப் புற்றுக்குப் போர்டிசோமிப் ஊசி போட்டுக்கொள்பவர்கள் கிரீன் டீ கேப்சூலைத் தொடாதீர்கள். அதில் உள்ள ஈஜிசிஜி அந்த மருந்தோடு நேராக ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கிறது என்று 2009ல் ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டினார்கள்.

அமுக்கராக் கிழங்கு?

கல்லீரல் பாதிப்பு வந்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. கீமோவில் கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். இப்போதைக்கு வேண்டாம்.

விரதம் இருந்தால் ஆட்டோபேஜி வரும், கட்டி தன்னையே தின்றுவிடும் என்கிறார்கள்.

முதல் பாதி சரி. பட்டினி கிடந்தால் ஆட்டோபேஜி கூடும் என்பது விலங்குகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். இரண்டாவது பாதியில் கட்டிக்கும் உங்களுக்கும் நடுவே யார் முதலில் மெலிவார்கள் என்ற கேள்வி இருக்கிறது.

காசிமேட்டில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாது, வருமானம் இல்லை. அந்த நாட்களில்தான் விசைப்படகைப் பழுது பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். நல்ல உடம்புக்கு விரதம் அப்படித்தான். ஆனால் தடைக்காலம் 200 நாள் நீண்டால்? பழுது பார்க்கக் காசு இருக்காது, நகை அடகுக்குப் போகும், கடைசியில் படகே விலைக்குப் போகும். புற்றுநோயாளி பலருக்கு எடை ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும், தசை உருகும். அவரைப் பட்டினி போடுவது அந்த நீண்ட தடைக்காலம்தான். சனிக்கிழமை விரதமோ ரமலான் நோன்போ இருக்க ஆசைப்பட்டால், சிகிச்சை நடக்கும்போது டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள்.

அப்போ எதைத்தான் சாப்பிடுவது?

சமையலில் போடுகிற எதையும் விட வேண்டாம். மஞ்சள், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, துளசி இரண்டு இலை, எல்லாம் வழக்கம்போல. நான் எச்சரிக்கையாக இருப்பது கேப்சூல், சாறு, தினசரிக் கஷாயம் ஆகிய மூன்றில்தான். உணவாக இருந்தது மருந்தின் அளவுக்குச் செறிவாகிற இடம் அது. அப்புறம், எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை, மீன், பருப்பு. காலா மீன் கிடைக்காவிட்டால் சங்கரா போதும்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

சிலர் திட்டுவார்கள்தான். அதற்குப் பயந்து மறைப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சித்த மருத்துவரிடம் கீமோவைச் சொல்வதில்லை, கீமோ டாக்டரிடம் பொடியைச் சொல்வதில்லை. நடுவில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான், என்னிடம் அவர்களுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்காது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வருவார், கணவருக்குச் சிகிச்சை. கந்தகோட்டம் பக்கம் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கின நாலு பொட்டலம் வைத்திருந்தார். பெயரைச் சொல்ல வெட்கம், எழுதவும் வராது. "அப்படியே மஞ்சப்பையோட தூக்கிட்டுப் போய் டாக்டர் மேஜையில வெச்சிடுங்கம்மா" என்றேன். அடுத்த வாரம் வந்தார். டாக்டர் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து மோந்து பார்த்தாராம். சுக்கையும் திரிபலாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் கடைசிக் கீமோ முடிகிற வரைக்கும் தொடாதீர்கள் என்று பொட்டலத்தின் மேலேயே தேதி எழுதி அனுப்பியிருக்கிறார். திட்டினாரா என்று கேட்டேன். "திட்டலப்பா. இந்தச் சுக்கு எங்க வாங்குனீங்க, வாசனையா இருக்கேன்னு கேட்டாரு" என்றார்.